டாக்கரில் ஓடும் கெத் நோடை (எத்தீரியம் மென்பொருள்) என்ஜின்எக்ஸ் என்ற ப்ராக்ஸி சர்வரின் பின்னால் வைத்தால் 403 (அனுமதி மறுப்புப் பிழை) வருவது ஏன், பியர்கள் (இணைந்துள்ள மற்ற நோடுகள்) குறைவது ஏன்?

இரண்டும் வேறு வேறு சிக்கல்கள்.

403-ஐத் தருவது பெரும்பாலும் என்ஜின்எக்ஸ் அல்ல, கெத். வரும் கோரிக்கையின் ஹோஸ்ட் ஹெடரை (எந்தப் பெயருக்கு வந்தது என்ற வரி) அது சரிபார்க்கும்; பெயர்களில் இயல்பாக லோக்கல்ஹோஸ்ட் மட்டுமே அனுமதி. கெத்தின் விஹோஸ்ட்ஸ் அமைப்பில், என்ஜின்எக்ஸ் அந்த ஹெடரில் அனுப்பும் பெயரை (உங்கள் டொமைன் அல்லது கண்டெய்னர் பெயர்) சேருங்கள். எந்தப் பெயரையும் ஏற்கும் நட்சத்திரக் குறி போட்டாலும் ஓடும், ஆனால் அது சோம்பேறித்தனம்.

பியர் இணைப்பு எச்டிடிபி அல்ல, அதனால் வழக்கமான ப்ராக்ஸி வழியே போகாது. பியர்களுக்கான 30303 போர்ட்டை டிசிபி, யுடிபி இரண்டிலும் கண்டெய்னரிலிருந்து நேரடியாகத் திறந்துவிடுங்கள். இல்லையென்றால் வெளியே போகும் இணைப்பு மட்டுமே கிடைக்கும்.

ஆனால் கெத் எச்டிடிபி கோரிக்கைகளை வாங்கும் 8545 போர்ட்டை ஹோஸ்டில் திறக்கவே திறக்காதீர்கள். டாக்கர் தானே ஐபிடேபிள்ஸ் (லினக்ஸ் ஃபயர்வால்) விதி எழுதுவதால், யுஎஃப்டபிள்யூ என்ற ஃபயர்வால் கருவியில் போட்ட தடை அங்கே செல்லாது. என்ஜின்எக்ஸ் கண்டெய்னரும் அதே டாக்கர் நெட்வொர்க்கில் இருந்தால் போதும்.

இன்னொன்று: நிறுத்தும்போது டாக்கர் 10 விநாடிதான் பொறுக்கும், பிறகு கொன்றுவிடும். டாக்கர் காம்போஸ் கோப்பில் அந்த நேரத்தை 5 நிமிடமாக்குங்கள். கெத் நினைவகத்தில் உள்ளதை டிஸ்க்கில் எழுதி முடிக்க வேண்டும்.