தென்னாப்பிரிக்காவில் பல்கலைக்கழக ஆய்வு மையங்களால் போக்குவரத்துக்கு உண்மையில் பயன் உண்டா?

கேள்வி கேட்ட அம்மாவின் மகள் டர்பனில் சிவில் பொறியியல் முடிக்கப்போகிறாள். போக்குவரத்து ஆய்வில் முதுநிலை படிக்க ஆசைப்படுகிறாள். அந்த மையங்களிலிருந்து கட்டுரைகளைத் தவிர வேறு ஏதாவது வெளியே வருகிறதா என்று அம்மா கேட்கிறார்.

வருகிறது அம்மா. நான் ஆய்வாளன் இல்லை. டர்பன் துறைமுகத்திலிருந்து சரக்கு லாரிகளை அனுப்பும் அலுவலகத்தில் வேலை செய்கிறேன். அதனால் லாரியிலிருந்தே தொடங்குகிறேன்.

இந்த நாட்டுச் சட்டப்படி லாரியும் டிரெய்லரும் சேர்ந்து 22 மீட்டர் நீளத்தையும் 56 டன் எடையையும் தாண்டக்கூடாது. சட்டம் பார்ப்பது அளவை மட்டுமே. அந்த அளவுக்குள் அடங்கும் வண்டி வளைவில் கவிழுமா, ஓட்டுநர் சட்டென்று ஒதுங்கினால் பின் டிரெய்லர் எவ்வளவு வீசும், திருப்பத்தில் பின் சக்கரங்கள் எவ்வளவு இடத்தை விழுங்கும் என்பதெல்லாம் அந்த இரண்டு எண்களில் தெரியாது. வண்டி சாலையில் எப்படி நடந்துகொள்கிறது என்பதைச் சோதித்து அனுமதி தரும் முறை ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது. 2007-இல் நம் குவாசுலு-நட்டால் மாகாணத்தில், காட்டிலிருந்து மரம் ஏற்றும் இரண்டு லாரிகளோடு அது இங்கே சோதனையாகத் தொடங்கியது. பிரிட்டோரியாவின் சி.எஸ்.ஐ.ஆர். ஆய்வு நிறுவனமும் ஜோகன்னஸ்பர்க் விட்வாட்டர்ஸ்ராண்ட் பல்கலைக்கழகத்தின் இயந்திரப் பொறியியலாளர்களும் இதில் முக்கியப் பங்காற்றினார்கள். வண்டி பட்டறைக்குப் போகும் முன்பே அதைக் கணினியில் ஓட்டிப் பார்த்து, எது தேறும், எது தேறாது என்று சொன்னார்கள். தேறிய லாரிகள் அதே மரத்தைக் குறைந்த நடைகளில் கொண்டுபோய்ச் சேர்த்தன. டீசல் செலவும் குறைந்தது.

இதை ஏன் பல்கலைக்கழகம் செய்ய வேண்டும்? வண்டி கட்டுபவர் தன் வண்டி பத்திரமானது என்பார். லாரி முதலாளி இன்னும் பாரம் ஏற்ற விடு என்பார். சாலைத் துறை ரோடு கெட்டுவிடும் என்று மறுக்கும். மூவர் பேச்சிலும் நியாயம் உண்டு. ஆனால் மூவருக்கும் அதில் லாப நட்டமும் உண்டு. லாப நட்டம் இல்லாமல் அளந்து சொல்ல நாலாவது ஆள் வேண்டும். 2013 செப்டம்பரில் டர்பன் பக்கத்துப் பைன்டவுனுக்கு மேலே ஃபீல்ட்ஸ் ஹில் இறக்கத்தில் கட்டுப்பாடிழந்த லாரி மினிபஸ் டாக்ஸிகள் (பலர் சேர்ந்து போகும் தனியார் வேன்கள்) மீது ஏறி 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதைப் பார்த்த ஊர்க்காரர்கள் யாரும் இந்தச் சோதனைகளை வெறும் காகித வேலை என்று சொல்ல மாட்டார்கள்.

டாக்ஸிக்கு வருகிறேன். பொதுப் போக்குவரத்தில் போகும் பெரும்பான்மையோரைச் சுமப்பது அரசு பஸ்ஸோ ரயிலோ அல்ல, மினிபஸ் டாக்ஸிதான். அதற்குக் கால அட்டவணையும் கிடையாது, அச்சிட்ட வழித்தடமும் கிடையாது. அது மின்சாரத்தில் ஓடினால் எவ்வளவு மின்சாரம் வேண்டும் என்று கேட்டால் பதில் சொல்ல யாரிடமும் கணக்கு இருக்கவில்லை. ஸ்டெலன்பாஷ் பல்கலைக்கழகக் குழு டாக்ஸிகளின் ஜி.பி.எஸ். பதிவுகளை எடுத்து அதைக் கணக்கிட்டது. காலை நெரிசலுக்கும் மாலை நெரிசலுக்கும் நடுவே வண்டிகள் ரேங்க்கில், அதாவது டாக்ஸி நிறுத்தத்தில், நெடுநேரம் சும்மா நிற்கின்றன, வெயில் காயும் அதே நேரத்தில் சூரிய மின்சாரத்தில் சார்ஜ் ஏற்றலாம் என்பது அதில் தெரிந்தது. பிறகு பழைய டாக்ஸி ஒன்றையே மின்வண்டியாக மாற்றியும் பார்த்தார்கள். மின்வெட்டில் தவித்த நாட்டுக்கு இது எவ்வளவு பெரிய செய்தி! கேப் டவுன் பல்கலைக்கழகத்தினரும் நைரோபி, தார் எஸ் சலாம் பல்கலைக்கழகங்களோடு சேர்ந்து, டாக்ஸிகளை ஒழித்துவிட்டுப் பெரிய பஸ்களை இறக்குவதைவிட இரண்டையும் இணைப்பது எப்படி என்று ஆராய்ந்தார்கள். இந்தக் கேள்வி ஐரோப்பியப் பாடநூலில் கிடைக்காது.

இங்குள்ள இந்திய வம்சாவளியினரான நம்மவர்களுக்கு இது இன்னும் நெருக்கமான விஷயம். எந்த இனத்தார் எங்கே குடியிருக்கலாம் என்று பிரித்த நிறவெறிக் கால குரூப் ஏரியாஸ் சட்டம் நம் குடும்பங்களை ஊருக்குள்ளிருந்து பிடுங்கி, இந்தியர்களுக்கென்று டர்பனுக்கு வெளியே ஒதுக்கிய சாட்ஸ்வர்த்தில் கொண்டுபோய் வைத்தது. ஆப்பிரிக்கர்களை அதைவிடத் தொலைவுக்குத் தள்ளியது. இன்றும் வேலைக்குப் போகும் தூரம் அந்தச் சட்டம் போட்ட தூரம்தான். 1961-இல் இந்தியர்களுக்கென்று ஒதுக்கிய கல்லூரிகூடத் துறைமுகத்துக்குள் சாலிஸ்பரி தீவில்தான் இருந்தது. அதன் வழித்தோன்றல் 2004-இல் நட்டால் பல்கலைக்கழகத்தோடு இணைந்து குவாசுலு-நட்டால் பல்கலைக்கழகமாகிவிட்டது. அந்த மண்ணில் படிக்கும் பெண் இந்தத் தூரத்தை ஆராயட்டும்.

ஒரு குறையையும் சொல்லியாக வேண்டும். முடிவுகள் பெரும்பாலும் பிரிட்டோரியாவில் நடக்கும் போக்குவரத்து மாநாட்டு அரங்கிலேயே தங்கிவிடுகின்றன. டாக்ஸி சங்கத்துக்காரர்கள் கையில் ஜூலு மொழியில் இரண்டு பக்கம் கொடுத்தாலே பாதி வேலை நடக்கும். ஆகவே சேரும் முன் மகள் வழிகாட்டிப் பேராசிரியரிடம் ஒன்று கேட்கட்டும்: தரவு எங்கிருந்து வரும், முடிவு யார் கைக்குப் போகும்? பதில் தெளிவாக இருந்தால் தயங்காமல் சேர்த்துவிடுங்கள். ரயிலில் ஆர்வமென்றால் பிரிட்டோரியா பல்கலைக்கழகத்தைப் பார்க்கலாம்.

டர்பனிலேயே இருந்து, கன்டெய்னர் முனையத்துக்குப் போகும் பேஹெட் சாலையில் லாரிகள் காத்துக்கிடப்பதை ஆராய விரும்பினாலும் நல்லது. எங்கள் அலுவலகத்தில் லாரி கிளம்பிய நேரமும் உள்ளே நுழைந்த நேரமும் பதிவாகின்றன. ஓட்டுநர்களின் பெயர்களை நீக்கிவிட்டு அவற்றைக் கொடுக்க முதலாளியிடம் நான் பேசிப் பார்க்கிறேன்.