அந்தச் செத்துப்போன போர்டு

நேற்று வந்துபோன அம்மாவுக்கு,

முக்கால் மணி நேரம் பேசினோம். அதில் பாதி உங்கள் கொழுந்தனார் சொன்னது. கம்ப்யூட்டர் சயின்ஸ், அதுவும் அந்த ஒரே கல்லூரியில், இல்லாவிட்டால் பெண்ணின் எதிர்காலம் போச்சு. நானும் முதலில் ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆறுதல் போதும், இனி உங்களோடு கொஞ்சம் மல்லுக்கட்டப் போகிறேன்.

உங்கள் மகள் ஒரே ஒரு முறைதான் வாயைத் திறந்தாள். நைலான் ஜாக்கெட்டைக் கழற்றிய கையோடு ஒரு சென்சார் போர்டைத் தொட்டாளாம். விரலில் சுரீர் என்றதாம். அதோடு போர்டு செத்துவிட்டது. "வெளியே ஒரு கருகல்கூட இல்லை சார், உள்ளே எது போயிருக்கும்?" என்றாள். "சும்மா இரு" என்று அடக்கிவிட்டீர்கள். அந்தக் கேள்விக்குப் பதில் தேடுவதையே தொழிலாக வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள், அம்மா.

ஜாக்கெட் உரசி உடம்பில் ஏறிய நிலைமின்சாரம்தான் அந்தச் சுரீர். அது நம் விரலில் உறைக்கவே ஏறத்தாழ 3000 வோல்ட் வேண்டும். காவல் இல்லாத சிப் அதற்கு வெகு முன்பே செத்துவிடும். சிப்புக்குள் இருக்கும் டிரான்சிஸ்டர் என்ற நுண்ணிய சுவிட்சை இயக்கும் 'கேட்' முனைக்கு அடியில் உள்ள ஆக்சைடு என்ற மின்காப்புப் படலம் சில நானோமீட்டர் தடிமன்தான். அதனால் சிப்பின் ஒவ்வொரு இணைப்புக் காலுக்கும் உள்ளேயே ஒரு காவல் சுற்று வைக்கிறார்கள். அந்தக் காவல்காரன் பாடு லேசுப்பட்டதல்ல. சிப் வேலை செய்யும்போது அவன் தூங்க வேண்டும். மின்னழுத்தம் எகிறினால் நானோ நொடி கணக்கில் விழித்து, மின்னோட்டத்தைத் தன் மேல் வாங்கித் தரைக்கு இறக்க வேண்டும். அப்புறம் மறுபடி தூங்கியாக வேண்டும். விழித்தே இருந்தால் சிப்புக்கு வரும் சப்ளையே அவன் வழியாகப் பாய்ந்து அதை எரித்துவிடும். அவனைப் பெரிதாக்கினால் கெப்பாசிட்டன்ஸ், அதாவது மின்னேற்றத்தைத் தேக்கிவைக்கும் தன்மை, கூடி வேகமான சிக்னல் மழுங்கும். சிறிதாக்கினால் அடி தாங்கமாட்டான்.

மனித உடலை 100 பிகோஃபாரட் கெப்பாசிட்டர், 1500 ஓம் ரெசிஸ்டர் என்று பாவித்துச் சோதிப்பார்கள். 2000 வோல்ட் ஏற்றினால் உச்சத்தில் சுமார் 1.3 ஆம்பியர். கையே படாமல், எந்திரத்தில் வழுக்கி வரும் சிப் தானே மின்னேற்றம் பெற்று உலோகத்தைத் தொட்டால் இன்னும் மோசம்: ஒரு நானோ நொடிக்குள் பல ஆம்பியர் பாய்ந்துவிடும். செத்த சிப்பின் மேலுறையை அமிலத்தில் கரைத்து, எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்பில் உருகிய புள்ளியைத் தேடும் பிரிவு தனியாக இருக்கிறது. உங்கள் மகளுக்கு அதுதான் சரியான இடம் என்பது என் கணிப்பு.

வழி? எலக்ட்ரானிக்ஸ் பட்டம். அனலாக் சர்க்யூட், குறைக்கடத்தி இயற்பியல் இரண்டிலும் கை நன்றாகப் படிய வேண்டும். சிப் வடிவமைப்புப் பக்கம் போக முதுகலையும் தேவைப்படலாம். ஆள் எடுக்கும் இடங்கள் குறைவு, அதை மறைக்க மாட்டேன். ஆனால் அதே படிப்பு போர்டு வடிவமைப்பு, சோதனைக்கூடம், தொழிற்சாலையில் மணிக்கட்டுப் பட்டையிலிருந்து தரைவிரிப்பு வரை நிலைமின் கட்டுப்பாட்டைப் பார்க்கும் வேலை என்று பல கதவுகளைத் திறக்கும்.

வீட்டை அடகு வைப்பதாகச் சொன்னீர்கள். கண்டிப்பாக வேண்டாம். கல்லூரிப் பெயருக்காக வாங்கும் கடனைக் கொழுந்தனார் கட்டப்போவதில்லை. கட்டணம் கட்டுப்படியாகும் கல்லூரிகளுக்கு அவளையே கூட்டிப்போங்கள். ஆய்வகத்தைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். மின் சிக்னலைத் திரையில் வரைந்து காட்டும் ஆசிலோஸ்கோப்பில் மாணவர்கள் கை படுகிறதா, இல்லை உறை போட்டு மூடி வைத்திருக்கிறார்களா என்று அவளே பார்த்துச் சொல்லட்டும்.

அடுத்த வாரம் வரும்போது அந்தப் போர்டையும் எடுத்துவரச் சொல்லுங்கள்.