வெங்கச்சாங்கல்லில் பச்சைக் குச்சி: பெக்மடைட் பாஸ்பேட்டுகள் பற்றிக் கேள்வி பதில்

காங்கேயத்திலிருந்து: ஏனுங்ணா, படியூர்ப் பக்கம் ஒரு காட்டுல வெங்கச்சாங்கல்லோட ஒட்டி ஆறு பட்டைப் பச்சைக் குச்சி ஒண்ணு கிடைச்சுது. அக்குவாமரினா, அபடைட்டாங்க?

படியூர் அக்குவாமரினுக்குப் பேர்போன ஊர்தான். அதற்காக அங்கே கிடைக்கிற பச்சையெல்லாம் அக்குவாமரின் ஆகிவிடாது. ஆறு பட்டை இரண்டுக்குமே உண்டு, அதை வைத்து முடிவு கட்டாதீர்கள். எஃகுக் கத்தி முனையால் கீறுங்கள். அபடைட் என்பது கால்சியம் பாஸ்பேட் கனிமம். அதன் கடினம் மோஸ் அளவில் 5, கீறல் விழும். அக்குவாமரின் 7.5 முதல் 8 வரை. அதில் கத்திதான் தேய்ந்து சாம்பல் கோடாகப் படியும். அந்தக் கோட்டைக் கீறல் என்று நினைத்து ஏமாறுகிறவர்கள்தான் அதிகம். ஈர விரலால் துடையுங்கள், போய்விட்டால் அது கீறல் இல்லை.

சந்தேகம் தீரவில்லையா? நூலில் கட்டித் தண்ணீருக்குள் தொங்கவிட்டு எடை பாருங்கள். காற்றில் 6.4 கிராம், நீரில் 4.4 கிராம் என்றால் குறைவு 2.0, 6.4-ஐ 2.0-ஆல் வகுத்தால் அடர்த்தி 3.2, அபடைட். 2.7-ஐ ஒட்டி வந்தால் பெரில் இனம், அதாவது உங்கள் அக்குவாமரின். வெங்கச்சாங்கல் (குவார்ட்ஸ்) ஒட்டியிருந்தால் கணக்கு கீழே இறங்கிவிடும், உடைத்து நீக்கிவிட்டு எடை போடுங்கள்.

சங்ககிரியிலிருந்து: கிரானைட்டுக்குள்ள பாஸ்பரஸ் எப்படிங்க சேருது?

பாறைக்குழம்பு உறையும்போது குவார்ட்ஸும் காக்காப்பொன்னும் பாஸ்பரஸை அவ்வளவாக ஏற்காது. பெல்ஸ்பார் கொஞ்சம் ஏற்கும்: இரண்டு சிலிக்கன் இருந்த இடத்தில் ஓர் அலுமினியமும் ஒரு பாஸ்பரஸும் உட்காரும். மீதி, கடைசிக் குழம்பில் தங்கிச் செறியும். அந்தக் கடைசிக் குழம்பு பெரிய பெரிய படிகங்களாக உறைந்த பாறைதான் பெக்மடைட்.

ஆனால் கால்சியம் இருந்தால் கதை வேறு. பாஸ்பரஸை முதலில் பிடித்துக்கொள்வது அதுதான். குழம்பில் கால்சியம் தாராளமாக இருந்தால் கிரானைட்டிலேயே பொடிப்பொடி அபடைட்டாக முடங்கிவிடும், பெக்மடைட் வரை வராது. கால்சியம் குறைந்து அலுமினியம் மிகுந்த குழம்பில் அபடைட் அதிகம் கரையும், அதனால் பாஸ்பரஸ் கடைசிவரை மிதந்து வரும். அங்கே லித்தியம், இரும்பு, மாங்கனீசோடு சேர்ந்தால் ட்ரிபிலைட், லித்தியோபிலைட். லித்தியம், அலுமினியம், புளோரினோடு சேர்ந்தால் ஆம்ப்ளிகோனைட்.

பிறகு சுடுநீர் ஊடுருவி ட்ரிபிலைட்டிலிருந்து லித்தியத்தைக் கழுவி, இரும்பை ஆக்சிஜனேற்றும். முதலில் பெரிசிக்லரைட், முடிவில் ஊதா ஹெட்டரோசைட். இந்த ட்ரிபிலைட்டும் லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியில் இருப்பதும் ஒரே படிக அமைப்பு. சார்ஜ் ஏறும்போது அங்கேயும் லித்தியம் வெளியேறுவது இதே வழியில்தான்.

திருச்செங்கோட்டிலிருந்து: அப்ப நம்ம பக்கம் ட்ரிபிலைட் தேடலாங்களா?

நம் பக்கத்து அடிப்பாறை பெரும்பாலும் ஹார்ன்பிளெண்ட் நைஸும் சார்னோக்கைட்டும். கால்சியத்துக்குப் பஞ்சமில்லை, அதனால் அபடைட்டையே எதிர்பாருங்கள். இளஞ்சிவப்பு பெல்ஸ்பாரும் கருங்காக்காப்பொன்னும் மட்டுமே உள்ள குழியில் நேரம் போக்க வேண்டாம். ஊதாக் காக்காப்பொன் கண்ணில் பட்டால் நில்லுங்கள், அது லித்தியம் இருப்பதற்கு அடையாளம். ட்ரிபிலைட் வெளியே கருத்த பொருக்காக இருக்கும், இரும்புக்கல் என்று எறிந்துவிடுவார்கள். உடைத்தால் உள்ளே எண்ணெய்ப் பளபளப்புள்ள சாம்பல் பச்சை.

ஈரோட்டிலிருந்து: பாஸ்பேட்தான்னு வேதியியல் லேப்ல உறுதி பண்ண வழி சொல்லுங்க சார்.

0.1 கிராம் பொடி, 5 மில்லி நீர்த்த நைட்ரிக் அமிலம். சூடாக்கித் தெளிவை இறுத்து, அதே அளவு அம்மோனியம் மாலிப்டேட் கரைசல் விட்டு இளஞ்சூட்டில் வையுங்கள். மஞ்சள் வீழ்படிவு வந்தால் பாஸ்பேட். கொதிக்கவிடாதீர்கள், கொதித்தால் ஆர்சனிக்கும் அதே மஞ்சளைத் தரும். மஞ்சள் வரவில்லை என்பதாலேயே பாஸ்பேட் இல்லை என்றும் ஆகாது: ஆம்ப்ளிகோனைட்டும், அருமண் தனிமங்களின் பாஸ்பேட்டான மோனசைட்டும் அமிலத்தில் லேசில் கரையாது. அவற்றைச் சோடியம் கார்பனேட்டோடு உருக்கி, நீரில் கரைத்து, அமிலமாக்கிய பிறகே சோதிக்க வேண்டும்.

கரூரிலிருந்து: ஆன்லைன்ல வாங்கின ஹெட்டரோசைட் பளீர்னு ஊதா. சாயமுங்களா?

சாயமாக இருக்க வாய்ப்பு குறைவு. மேலே படிந்த பழுப்புப் பொருக்கை நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஊறவைத்து நீக்குவது சேகரிப்பவர்கள் வழக்கம். உள்ளே உள்ள ஊதா இயற்கையானதே. விற்கிறவர் அதைச் சொல்லியிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

சென்னிமலையிலிருந்து: தேன் நிறத்துல கனமா ஒரு மணி, மோனசைட்டுங்களா?

அடர்த்தி 5-ஐ ஒட்டி வந்தால் வாய்ப்புண்டு. தார் போலக் கருத்து, சுற்றியுள்ள பாறையில் ஆரக்கால் மாதிரி வெடிப்பு ஓடியிருந்தால் அது பெரும்பாலும் அல்லனைட், பாஸ்பேட்டே அல்ல. மோனசைட்டில் தோரியம் உண்டு. பொடிக்காதீர்கள்; மூடிய டப்பாவில், படுக்கிற அறைக்கு வெளியே வையுங்கள்; தொட்டால் கை கழுவுங்கள். அணுக்கனிமம் என்பதால் விலை பேசவும் வேண்டாம்.