டிடில மேட்ச் லைவ்னு போடுறாங்க, எங்க வீட்டு டிவில மட்டும் ஏன் வரல? தூர்தர்ஷன் ஸ்போர்ட்ஸ கைவிட்டுடுச்சா?

குமரி மாவட்டம் கருங்கல் பக்கம் இருவது வருஷமா டிஷ் மாட்டிட்டு இருக்கேன், இந்தியா மேட்ச் இருக்கற அன்னைக்கு எனக்கு வர்ற போன்ல பாதி இந்தக் கேள்விதான். "லேய் மக்கா, டிடி ஸ்போர்ட்ஸ்ல மேட்ச்னு பேப்பர்ல கிடக்கு, இங்க எவனோ பழைய கபடிய ஓட்டுகான், எனக்க பாக்ஸ் போச்சா?" பாக்ஸ் ஒண்ணும் போகல அண்ணாச்சி, உங்க வீட்டுக்கு வர்றது கேபிள், அதாக்கும் சங்கதி.

2007ல ஒரு சட்டம் வந்துச்சு. முக்கியமான போட்டின்னு அரசாங்கம் லிஸ்ட்ல போட்டுட்டா, காசு குடுத்து ரைட்ஸ் வாங்கின தனியார் சேனல், டிடியயும் ஆல் இந்தியா ரேடியோவயும் நடத்துற பிரசார் பாரதிக்கும் சிக்னல் குடுத்தே ஆகணும், டிவி விளம்பரத்துல வர்ற 100 ரூவால 75 அந்தத் தனியார் சேனலுக்கு, 25 டிடிக்கு. நல்ல சட்டம்தான். ஆனா கேபிள்காரங்க டிடி சேனல கட்டாயம் காட்டணும்னு வேற ஒரு சட்டம் ஏற்கனவே இருக்கு, அப்ப என்ன ஆகும், எல்லாரும் டிடிலயே மேட்ச பாத்துட்டுப் போயிடுவான், ஸ்போர்ட்ஸ் சேனலுக்கு மாசாமாசம் எவன் காசு கட்டுவான்? அவங்க கோர்ட்டுக்குப் போனாங்க. 2017 ஆகஸ்ட்ல சுப்ரீம் கோர்ட் சொல்லிருச்சு, அப்படி வாங்குற சிக்னல டிடி வீட்டு ஆன்டெனாவுக்கு அனுப்புற தன்னோட டவர் வழியாவும், மாசக் காசு இல்லாத தன்னோட ஃப்ரீ டிஷ்லயும் மட்டும் காட்டலாம், கேபிளுக்கும் மத்த டிடிஎச்சுக்கும் போகக்கூடாதுன்னு. அப்புறம் அந்த டவர்லயும் பெரும்பாலானத டிடி ஒண்ணொண்ணா நிறுத்திட்டாங்க. நமக்கு மிச்சம் இருக்கறது ஃப்ரீ டிஷ் மட்டும். மாசம் காசு கட்டி கேபிள் வச்சிருக்கறவனுக்கு டிடில மேட்ச் இல்ல, ஓசி டிஷ் வச்சிருக்கறவனுக்கு உண்டு, இத வீடு வீடா விளக்குறதே எனக்கு தனி வேலையாப் போச்சு.

ஐபிஎல் ஏன் வரலன்னு கேக்காதீங்க, அது அந்த லிஸ்ட்லயே கிடையாது. 2023லேருந்து அஞ்சு வருஷ ரைட்ஸ் 48,390 கோடிக்குப் போச்சு, டிடி எங்க போய் ஏலம் கேக்க?

அதனால கிரிக்கெட்ட வச்சு டிடிய நான் ரொம்ப திட்ட மாட்டேன். எனக்கு வயித்தெரிச்சல் ஃபுட்பால்லதான். 1990 வேர்ல்டு கப் ஃபைனல் அப்ப எனக்கு பத்து வயசு, கடப்புறத்துல மாமாக்க வீட்டு முத்தத்துல டிவிய தூக்கி வச்சு ஊரே உக்காந்திருக்கு, ராத்திரி பதினொன்றரைக்கு மேட்ச். எங்களுக்கு திருவனந்தபுரம் ஸ்டேஷன்தான் தெளிவா கிடைக்கும், ஆன்டெனா அந்தப் பக்கம் பாத்து நிக்கும், காத்து அடிச்சா ஒருத்தன் ஓட்டு மேல ஏறி பிடிச்சுக்கணும். 85வது நிமிஷம் அர்ஜென்டினாவுக்கு எதிரா மேற்கு ஜெர்மனிக்கு பெனால்டி, பிரெமே உள்ள போட்டான், ஓட்டு மேல நின்னவன் மட்டும் "என்னலே ஆச்சு, என்னலே ஆச்சு"ன்னு கத்திட்டே இருக்கான், கீழ ஒருத்தனும் வாயத் திறக்கல. மரடோனா அழுதாரு, மாமாவும் அழுதாரு. நாங்க ஒரு பைசா கட்டல.

அரசாங்கம் போட்ட அந்த லிஸ்ட்ல, மாநில டீமுங்க மோதுற ஃபுட்பால் போட்டியான சந்தோஷ் டிராபியோட செமியும் ஃபைனலும் இருக்கு, தெரியுமா? எங்க கடற்கரையில தூத்தூர் பக்கம் போய் கேளுங்க, சந்தோஷ் டிராபி ஆடுனவங்க எத்தன பேருன்னு. இந்தியா டீம்ல ஆடுன மைக்கேல் சூசைராஜ் இரவிபுத்தன்துறைக்காரர். பொதிகைய 2024 ஜனவரில டிடி தமிழ்னு பேர் மாத்தி பெருசா தொடங்குனாங்களே, எங்க கடற்கரையில நடக்குற ஒரு டோர்னமென்ட் ஃபைனல காட்ட எத்தன கோடி வேணும்? ரெண்டு கேமரா, தமிழ் பேச ஒரு ஆளு. நாட்டுலயே முதல் உள்ளூர் வானொலி 1984ல நாகர்கோவில்லதான் தொடங்குச்சு, உள்ளூர் விஷயத்த உள்ளூர் பேச்சுல குடுக்கணும்ங்கறது இவங்களுக்கு புதுசா நாம சொல்லித் தர்ற பாடமா என்ன. இப்ப நம்ம பயலுவ போன ஸ்டாண்டுல மாட்டி யூடியூப்ல லைவ் போடுறானுவ, பாதி தமிழ் பாதி மலையாளம்னு கமெண்ட்ரி, பந்து எங்க இருக்குன்னே தெரியாது, ஆனா கல்ஃப்ல கிடக்கறவன் வரைக்கும் உக்காந்து பாக்கான்.

உங்க கேள்விக்கு வழி கேட்டா, ஃப்ரீ டிஷ் ஒண்ணு தனியா மாட்டிக்குங்க, ரெண்டாயிரத்துக்குள்ள முடியும். கபடி ஓடுதுன்னு போன் பண்ணின அண்ணாச்சிக்கும் அப்படித்தான் மாட்டிக் குடுத்தேன். இப்ப அவருக்க வீட்டுல ரெண்டு பாக்ஸ், ரெண்டு ரிமோட்டு. மேட்ச் முடிஞ்ச உடனே டிவி பின்னாடி இருக்கற வயர ஃப்ரீ டிஷ் பாக்ஸ்லேருந்து புடுங்கி கேபிள் பாக்ஸ்ல திருப்பி மாட்டணும், ஒரு தடவ மறந்துட்டாரு, மறுநாள் சீரியல் நேரத்துல போன் வந்தது மைனிகிட்டேருந்து.