பட்டியலில் வெறும் ‘பிள்ளை’

வணக்கம். முனைவர் பட்ட ஆய்வேட்டை ஸீலேடெக் என்ற அச்சுக்கோப்பு மென்பொருளில் எழுதுகிறேன். துணைநூற்பட்டியலுக்கு அதன் பிப்லேடெக் தொகுப்பு, ‘ஆத்தர்இயர்’ (ஆசிரியர்-ஆண்டு) பாணி, முதற்பெயரைத் தலைப்பெழுத்தாகச் சுருக்கும் ‘கிவன்இனிட்ஸ்’ விருப்பம் போட்டிருக்கிறேன். எஸ். வையாபுரிப் பிள்ளை பட்டியலில் ‘பிள்ளை, எ. வை.’ என்று வருகிறார், மேற்கோளில் வெறும் ‘பிள்ளை’. தலைப்பெழுத்து முன்னால் வர வேண்டும், கட்டுரைத் தலைப்புக்கு மேற்கோள்குறி கூடாது என்கிறார் நெறியாளர். பாணிக் கோப்பை நகலெடுத்துத் திருத்தலாமா?
— ஓர் ஆய்வு மாணவி

அன்புள்ள மாணவிக்கு,

நகலெடுக்க வேண்டாம். தொகுப்பு புதுப்பிக்கப்படும்போது உங்கள் நகல் பழையதாகவே நிற்கும். எது உடைந்தது என்று தேடுவதிலேயே நேரம் போகும். அதோடு, உங்கள் சிக்கலில் பாதிக்கும் மேல் பாணியில் இல்லை, நூல்விவரங்களை உள்ளிடும் பிப் கோப்பில் இருக்கிறது.

காற்புள்ளி இல்லாத பெயரில் கடைசிச் சொல்தான் குடும்பப்பெயர் என்று, அந்தக் கோப்பைப் படித்து வரிசைப்படுத்தும் பைபர் நிரல் எடுத்துக்கொள்ளும். ‘ந. பிச்சமூர்த்தி’ இதில் தப்பிவிடுவார். இரண்டு சொல்லாக எழுதும் பெயர்கள் மாட்டிக்கொள்ளும். ‘வையாபுரிப் பிள்ளை, எஸ்.’ என்று காற்புள்ளி போட்டு உள்ளிடுங்கள். நிறுவனம் ஆசிரியராக இருந்தால் இரட்டை நெளிவு அடைப்புக்குள் வையுங்கள். இல்லாவிட்டால் உலகத் தமிழாராய்ச்சி நிறுவனம் ‘நிறுவனம், உ. த.’ ஆகிவிடும். இரு ஆசிரியர்களுக்கு நடுவே ‘மற்றும்’ எழுதாதீர்கள். கோப்புக்குள் அங்கே ஆங்கில ‘ஆண்ட்’தான் வேண்டும், அச்சில் வருவதை வேறிடத்தில் மாற்றலாம்.

அடுத்தது அந்த ‘எ.’ ‘கிவன்இனிட்ஸ்’ பெயரின் முதல் எழுத்தை மட்டும் வெட்டி எடுக்கும். ‘டி.’, ‘கே.’ ஆகியவை ஓரெழுத்து, அவற்றுக்கு ஒன்றும் ஆகாது. ‘எஸ்.’, ‘எம்.’, ‘ஆர்.’ ஈரெழுத்து, புள்ளி எழுத்து கழன்றுவிடும். எஸ்ஸும் எம்மும் ஒரே ‘எ.’ ஆவது நூற்பட்டியலில் சின்ன விஷயமில்லை. தமிழ்ப் பெயர்களில் தலைப்பெழுத்தை நாமே சுருக்கித்தான் எழுதுகிறோம், ஆகவே அந்த விருப்பத்தை எடுத்துவிடுங்கள். ஆங்கில நூல்களுக்காக அது வேண்டும் என்றால், அந்தத் தமிழ்ப் பதிவில் மட்டும் பெயரைப் பிரித்து எழுதுங்கள்: ‘ஃபேமிலி=’ (குடும்பப்பெயர்), ‘கிவன்=’ (முதற்பெயர்), அவற்றோடு ‘கிவன்-ஐ=எஸ்’ (தலைப்பெழுத்து). பைபர் அதை அப்படியே ஏற்கும்.

இனி, ஆவணத்தின் தொடக்கத்தில் கட்டளைகள் எழுதும் முகவுரைப் பகுதி. ‘டிக்ளேர்நேம்ஏலியஸ்’ கட்டளையில் ‘சார்ட்நேம்’ என்பதை ‘கிவன்-ஃபேமிலி’ ஆக்குங்கள். ‘எஸ். வையாபுரிப் பிள்ளை’ என்று அச்சாகும், வரிசை மட்டும் ‘வை’யிலேயே நிற்கும். தமிழ் அகரவரிசைக்கு ‘சார்ட்லொகேல்’ விருப்பத்தில் தமிழின் குறியீடான ‘டிஏ’ கொடுங்கள்.

மேற்கோள்குறியை நீக்கப் போகும் பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. ‘டிக்ளேர்ஃபீல்ட்ஃபார்மட்’ கட்டளையில் வெறுமனே ‘டைட்டில்’ என்று கொடுத்தால் எதுவும் மாறாது. கட்டுரைக்கும் ஆய்வேட்டுக்கும் பிப்லேடெக் தனித்தனி வடிவம் வைத்திருக்கிறது, அதுதான் ஜெயிக்கும். சதுர அடைப்புக்குள் ‘ஆர்ட்டிகிள், இன்கலெக்‌ஷன், தீசிஸ்’ என வகைகளைச் சொல்லிக் கொடுங்கள். கட்டளைக்கு நட்சத்திரக்குறி போட்டாலும் மாறும், ஆனால் நூல்தலைப்பின் சாய்வெழுத்தும் சேர்ந்து போய்விடும். பெரும்பாலான தமிழ் எழுத்துருக்களில் உண்மையான சாய்வெழுத்தே கிடையாது என்பதால் என் கணக்கில் அது நஷ்டமில்லை. நூல்பெயரைத் தடித்த எழுத்தில் விடலாம்.

‘எடிட்டர்’ என்பது ‘பதிப்பாசிரியர்’ ஆக வேண்டுமா? பிப்லேடெக்கின் மொழியை ஆங்கிலம் என்றே வைத்து, ‘டிஃபைன்பிப்லியோகிராஃபிஸ்ட்ரிங்ஸ்’ வழியாக அந்தச் சொற்களுக்குத் தமிழ் கொடுங்கள். ‘ஆண்ட்’டின் அச்சு வடிவமும் அங்கேதான். ஆங்கில நூல்களிலும் தமிழ்ச்சொல்லே வரும் என்பதை மட்டும் நெறியாளரிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

இந்த வரிகள் துறை முழுவதற்கும் பயன்படும் என்றால் தனி பிபிஎக்ஸ் (பட்டியல் பாணி) கோப்பில் போடலாம். முதல் வரியில் ‘ரிக்வயர்பிப்லியோகிராஃபிஸ்டைல்’ கொண்டு ஆத்தர்இயரை அழைத்துவிட்டு, மாற்றங்களை மட்டும் கீழே எழுதுங்கள். திருத்தியபின் ஸீலேடெக், பைபர், மறுபடி ஸீலேடெக் இருமுறை. பெயர் இன்னும் பழையபடியே வந்தால் பைபர் உருவாக்கிய பிபிஎல் கோப்பை அழித்துவிட்டு ஓட்டிப் பாருங்கள்.