4 மில்லிமீட்டர் தொப்பி: மாதிரி ரயில் வாசகர்களின் கேள்விகள்

கே: ஓஓ அளவில் (1:76, அதாவது நிஜத்தில் 76இல் ஒரு பங்கு) 1905ஆம் ஆண்டு இங்கிலாந்து ரயில் நிலையம் அமைக்கிறேன். பயணி பொம்மைகளுக்குப் பௌலர் தொப்பி (உருண்டை உச்சியும் குறுகிய விளிம்பும் கொண்டது) செய்து ஒட்டினால், தலையில் சட்டியைக் கவிழ்த்ததுபோல் இருக்கிறது. என்ன தவறு?

ப: பொம்மையின் உச்சந்தலையை வெட்டிக் குறைக்காமல் அப்படியே ஒட்டியிருப்பீர்கள். தொப்பி உச்சந்தலையில் நிற்பதில்லை, நெற்றிவரை இறங்கும். இந்த அளவில் முகவாயிலிருந்து உச்சிவரை சுமார் 3 மி.மீ. அதில் மேல் 1 மி.மீ.யைப் புது பிளேடால் மட்டமாகச் சீவிவிடுங்கள். இதைச் செய்யாவிட்டால் மற்ற எவ்வளவு வேலை செய்தாலும் வீண்.

விளிம்புக்கு 0.13 மி.மீ. ஸ்டைரீன் (ஒரு வகை பிளாஸ்டிக்) தகட்டில் 4 மி.மீ. வட்டம். மேல்பகுதிக்கு 2.5 மி.மீ. ஸ்டைரீன் குச்சி. குச்சியை இப்போதே நறுக்காதீர்கள், அதுதான் உங்கள் கைப்பிடி. அதன் முனையில் வட்டத்தை நடுவில் ஒட்டி, ஒரு இரவு காயவிடுங்கள். பிறகு இரு பக்கமும் லேசாகத் தேய்த்து, அகலத்தை 3.4 மி.மீ.க்குக் கொண்டுவந்தால் நீள்வட்டம் கிடைக்கும். 0.13 மி.மீ. தகடுகூட நிஜத்தில் 1 செ.மீ. கனம்! ஆகவே ஓரத்தின் அடிப்புறத்தை 600 எண் உப்புத்தாளால் சாய்வாகத் தேயுங்கள். பார்ப்பவருக்கு மெல்லிய நுனி மட்டும் தெரியும். பல்குத்தியால் இரு பக்க ஓரங்களையும் மேல்நோக்கி நெம்புங்கள், முன்னும் பின்னும் தொட வேண்டாம். பௌலரின் அடையாளமே அந்த வளைவுதான். இனி குச்சியை 2 மி.மீ. உயரத்தில் நறுக்கித் தலையில் ஒட்டி, உச்சியை உருண்டையாகத் தேய்த்து 1.7 மி.மீ.க்குக் குறையுங்கள்.

பிளாஸ்டிக்கைக் கரைத்து ஒட்டும் திரவப் பசையை நுண்தூரிகையால் ஒரு தொடுதல் வைத்தால் போதும். அதிகமானால் தகடு இளகி அப்பளம்போல் நெளியும். உருவம் ஈய உலோகமானால் அந்தப் பசை பிடிக்காது, தலையில் ஒட்ட சூப்பர் குளூதான்.

கே: பெல்ட்டில் துளை போடும் பஞ்ச்சால் வட்டம் வெட்டினால் ஓரம் நசுங்குகிறதே?

ப: தகட்டை இரண்டு விசிட்டிங் கார்டுகளுக்கு நடுவே வைத்து அழுத்துங்கள். அப்படியும் நசுங்கினால் பஞ்ச்சின் வெட்டும் குழாய்முனை மழுங்கியிருக்கிறது.

கே: வைக்கோல் போட்டர் தொப்பியின் (உச்சி தட்டையாக இருப்பது) கறுப்பு நாடா கோணலாகவே வருகிறது.

ப: தலையில் ஒட்டியபின் வரைந்தால் யார் கைக்கும் நேராக வராது. நறுக்குவதற்கு முன்பே குச்சிக்கு வைக்கோல் நிறம் பூசி, கை டிரில்லில் மாட்டி மெதுவாகச் சுற்றுங்கள். தூரிகையை அசையாமல் பிடித்துத் தொட்டால், குச்சியே தன்மேல் வளையம் வரைந்துகொள்ளும். நாடா 0.5 மி.மீ., மொத்த உயரம் 1.1 மி.மீ. நாடா விளிம்பை ஒட்டியே இருக்க வேண்டும். போட்டரின் விளிம்பு தட்டையானது, வளைக்காதீர்கள்.

கே: பெண்களின் அகலத் தொப்பிக்கு எளிய வழி உண்டா?

ப: அலுவலகப் பஞ்ச்சில் விழும் காகித வட்டத்தைக் குப்பையில் போடாதீர்கள். அது சுமார் 6 மி.மீ., அதாவது நிஜத்தில் 45 செ.மீ. அக்கால நாகரிகப் பெண்களின் தொப்பிக்குக் கச்சிதமான அளவு. ரப்பர்மீது வைத்து பென்சிலின் பின்முனையால் மெல்ல அழுத்தினால் அலை விழும். பிறகு தண்ணீர்போல் ஓடும் வகை சூப்பர் குளூவில் ஒரு துளி ஊறவிட்டால் காகிதம் விறைத்துக்கொள்ளும். பூக்களுக்கு, மாதிரி நிலக்காட்சிக்குத் தூவும் வண்ண நுரைத்தூள் நாலைந்து துகள் போதும். சூப்பர் குளூவின் ஆவி படிந்து வெண்மை பூக்கும் என்பதால், ஒட்டுவதெல்லாம் முடிந்து மறுநாள் வண்ணம் பூசுங்கள். கறுப்புத் தொப்பிக்கும் சுத்தக் கறுப்பு வேண்டாம், பளபளப்பில்லாத அடர்சாம்பல் பூசுங்கள். இத்தனை சிறிய பொருளில் முழுக் கறுப்பு எல்லா வளைவையும் விழுங்கிவிடும்.