பத்து மீட்டர்

அன்புள்ள அக்கா,

உங்கள் பயணக் கட்டுரைகளைத் தவறாமல் படிக்கிறவன். வருகிற ஜூலையில் மனைவியோடும் 12 வயது மகனோடும் மலைக் கொரில்லா பார்க்க உகாண்டா போகத் திட்டம். அங்கே அனுமதிச்சீட்டு ஆளுக்கு 800 டாலர், ருவாண்டாவில் 1500 என்கிறார்கள். எது நல்லது? இவ்வளவு கட்டியும் ஒரு மணி நேரம்தான் பார்க்க விடுவார்களாம். வழிகாட்டிக்குத் தனியாக ஏதாவது கொடுத்தால் கூடுதல் நேரமும் கிடைக்கும், கிட்டவும் போகலாம் என்று போய்வந்த நண்பர் சொல்கிறார். உண்மையா? பயண நிறுவனம் மறுநாள் ‘பிக்மி கிராமக் கலாச்சார நிகழ்ச்சி’ என்று அரை நாளைச் சேர்த்திருக்கிறது. அது பார்க்கத் தகுந்ததா, இல்லை அந்த நேரத்தில் புன்யோன்யி ஏரியில் படகில் போகலாமா?

முத்துக்குமார், தாம்பரம்

அன்புள்ள முத்துக்குமார்,

உங்கள் கடிதம் வந்தபோது பழைய கணினியிலிருந்து புதியதற்குப் படங்களை மாற்றிக்கொண்டிருந்தேன். உகாண்டாவில் கொரில்லாக்கள் இருக்கிற ப்விண்டிக் காட்டுக்குப் போனபோது எடுத்தவை. அதில் ஒரு படத்தைத் தாண்டிப் போக முடியாமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அதனால்தான் உடனே எழுதுகிறேன். மற்றபடி உகாண்டாவா ருவாண்டாவா என்பதற்கெல்லாம் நான் பதில் எழுதுகிறவள் இல்லை.

அதை முதலில் முடித்துவிடுவோம். பணம் இருந்து நாள் குறைவென்றால் ருவாண்டா. கிகாலியில் இறங்கிச் சில மணி நேரத்தில் காட்டோரம் போய்விடலாம். நாள் இருந்தால் உகாண்டா. எண்டெபே விமான நிலையத்திலிருந்து ஒரு முழுப் பகல் வண்டியில் உட்கார வேண்டும். எங்கே போனாலும் மகனைக் கொரில்லாவிடம் கூட்டிப்போக முடியாது, 15 வயது ஆகியிருக்க வேண்டும். இதை அவனிடம் இப்போதே சொல்லிவிடுங்கள், அங்கே வாசலில் நிறுத்தி அழ வைக்காதீர்கள். உகாண்டா என்றால் காசிங்கா கால்வாயில் படகில் கூட்டிப்போங்கள், நீர்யானையும் யானையும் போதும் போதும் என்கிற அளவுக்குப் பார்ப்பான். மஞ்சள் காய்ச்சல் ஊசியைக் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போட்டுக்கொள்ளலாம். கடைசி வாரம் வரை தள்ளிப்போடாதீர்கள்.

அப்புறம், வழிகாட்டிக்குப் பணம் கொடுப்பது. தம்பி, உங்கள் நண்பர் சொன்னது பொய்யாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். உண்மையென்றால் அவர் செய்தது சாதாரணத் தவறு இல்லை. உலகத்தில் மலைக் கொரில்லாக்கள் மொத்தமே ஆயிரத்துச் சொச்சம். கடைசியாக எண்ணியதில் 1063. நமக்கு இரண்டு நாள் மூக்கொழுகிப் போகிற சளி அவற்றுக்கு நிமோனியாவாகி உயிரை எடுக்கும். நம் நோய்கள் அவற்றுக்கு அவ்வளவு சுலபமாகத் தொற்றும், உறவு அவ்வளவு நெருக்கம். 1996ல் ப்விண்டியில் ஒரு கொரில்லாக் கூட்டத்துக்கு முடி கொட்டிச் சொறி பிடித்தது, ஒரு குட்டி செத்தது. பார்த்தால் மனிதர்களின் சிரங்கு. வயலில் காவலுக்கு வைத்த பொம்மைக்குப் போட்டிருந்த அழுக்குத் துணியிலிருந்து ஒட்டியிருக்கலாம் என்றார் அப்போது அங்கே வைத்தியம் பார்த்த கால்நடை மருத்துவர் கிளாடிஸ் கலேமா-சிகுசோகா. அந்த ஒரு சம்பவத்திலிருந்து அவர் பிடித்துக்கொண்ட விஷயம் பெரியது. சுற்றியிருக்கிற கிராமத்துப் பிள்ளைகளுக்குச் சிரங்கு ஆறாமல் கொரில்லாவைக் காப்பாற்ற முடியாது என்று சொல்லி, 2003ல் ஒரு அமைப்பைத் தொடங்கி, மனிதர்களின் வைத்தியத்தையும் சேர்த்தே கவனித்தார்.

ஒரு மணி நேரம், எட்டுப் பேர், முகக்கவசம், பத்து மீட்டர் இடைவெளி. இவ்வளவும் அந்த உயிர்களுக்காக. நான் போன காலத்தில் 7 மீட்டர், கொரோனாவுக்குப் பிறகு 10 ஆக்கினார்கள். 800 டாலர் கொடுத்ததால் அந்தத் தூரம் நமக்காகக் குறைய வேண்டும் என்று எப்படித் தோன்றுகிறது?

அந்தக் காலையை உங்களுக்குச் சொல்ல வேண்டும். என் அக்கா மகள் கம்பாலாவில் வேலையில் இருந்தாள், அவளோடு போனேன். ப்விண்டிக் காட்டோரத்து ஊர், புஹோமா. விடியும்போது மலையெல்லாம் பனி, காட்டின் ஓரம் வரை தேயிலை. வால்பாறையில் பிறந்த எனக்கு ஒரு நிமிடம் ஊர் மாறிய மாதிரியே தெரியவில்லை. வன அலுவலர் எங்களை உட்கார வைத்துச் சட்டதிட்டங்களைச் சொன்னார். கை நீட்டிச் சுட்டக்கூடாது. கண்ணுக்குள் உற்றுப் பார்க்கக்கூடாது. ஃப்ளாஷ் கூடாது. அவற்றின் முன்னால் எதுவும் தின்னக்கூடாது. இருமல் வந்தால் திரும்பிக்கொண்டு வாயைப் பொத்த வேண்டும். காட்டுக்குள் அவசரமாக ஒதுங்க நேர்ந்தால் ஒரு அடி ஆழம் தோண்டி மூட வேண்டும். அவ்வளவு நுணுக்கம்.

எங்கள் எட்டுப் பேரில் நடுவயதுப் பெண் ஒருவர், ஐரோப்பாவிலிருந்து வந்தவர், இரண்டு முறை இருமினார். அலுவலர் அவரைத் தனியே அழைத்துப் பேசினார். நீங்கள் வர முடியாது என்றார். அந்த அம்மாள் அழுதார். வாழ்நாள் ஆசை, எவ்வளவோ சேர்த்து வைத்து வந்தேன் என்றார். அலுவலர் பொறுமையாகக் கேட்டார், இரங்கவில்லை. எனக்கு அவர்மேல் பெரிய மரியாதை வந்தது.

மூன்று மணி நேரம் ஏறினோம். முட்செடி, வழுக்கல். சுமை தூக்க வந்த உள்ளூர்ப் பையன் என்னைக் கையைப் பிடித்து இழுத்தே மேலே சேர்த்தான். தடம் பார்க்கிறவர்கள் எங்களுக்கு முன்பே கிளம்பி, முந்தின இரவு கூட்டம் படுத்த இலைப்படுக்கையிலிருந்து சுவடு பிடித்துப் போயிருந்தார்கள். எங்களுக்குக் கிடைத்தது முபாரே கூட்டம், 1993ல் ப்விண்டியில் முதன்முதலாகப் பயணிகள் பார்க்கத் திறந்துவிட்ட கூட்டம் அதுதான். மனிதர்களைக் கண்டு ஓடாமல் இருக்க ஒரு கூட்டத்தைப் பழக்குவதற்கு இரண்டு வருடம் ஆகும், சில சமயம் அதற்கு மேலும். வழிகாட்டி தொண்டைக்குள் ‘ம்ம்ம்… ஹ்ம்ம்’ என்று கனைத்தார். நாங்கள்தான், பயப்படாதே என்பதற்கு அவற்றின் பாஷை. புதருக்குள்ளிருந்து அதே கனைப்பு திரும்பி வந்தது. முத்துக்குமார், அந்தச் சத்தத்தைக் கேட்டதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. முதுகு நரைத்த தலைவன் மல்லாந்து படுத்து வயிற்றில் கை வைத்திருந்தான். ஒரு தாய் குட்டியின் காலைப் பிடித்து இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். வழிகாட்டி ஒவ்வொன்றையும் பெயர் சொல்லிக் காட்டினார். மூக்கின் சுருக்கம் ஒவ்வொன்றுக்கும் வேறு, நம் கைரேகை மாதிரி, அதை வைத்துத்தான் அடையாளம். ஒரு மணி நேரம் ஆனது. எழுந்து வந்தோம்.

சரி, இப்போது நீங்கள் கடைசியில் போகிறபோக்கில் கேட்டீர்களே, அந்த அரை நாள் நிகழ்ச்சி.

‘பிக்மி’ என்று எழுதாதீர்கள். பயண நிறுவனம் எழுதியிருந்தால் திருத்தச் சொல்லுங்கள். அவர்கள் பட்வாக்கள். ப்விண்டிக் காடு அவர்கள் வீடு. தேனும் கிழங்கும் மருந்தும் வேட்டையும் முன்னோர்களும் எல்லாம் அதற்குள். 1991ல் அதைத் தேசியப் பூங்காவாக்கினார்கள், இவர்களை வெளியேற்றினார்கள். காட்டை வெட்டி வயலாக்கியவர்கள் பட்வாக்கள் இல்லை. கொரில்லாவைத் தாங்கள் தின்பதில்லை என்றும் அவர்களே சொல்கிறார்கள். ஆனாலும் வெளியே போக வேண்டியிருந்தது. பட்டா இல்லாதவர்களுக்கு என்ன இழப்பீடு? அடுத்தவர் நிலத்தின் ஓரத்தில் குடிசை போட்டு, அவர்கள் வயலில் கூலிக்கு நின்றார்கள். போதிய இழப்பீடு கொடுக்கவில்லை என்று அந்த நாட்டின் அரசியலமைப்பு நீதிமன்றம் சொன்னது 2021ல். முப்பது வருடம்! காங்கோ பக்கம் கஹுசி-பியேகா பூங்காவிலும் இதே கதை. 1970களில் வெளியேற்றப்பட்ட பட்வாக்களுக்கு ஆதரவாக ஆப்பிரிக்க மனித உரிமை ஆணையத்தின் தீர்ப்பு 2024ல்தான் வெளியானது.

பூங்காவே தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. கொரில்லா பிழைத்ததற்கு அந்தப் பூங்காவும் நீங்கள் கட்டப்போகிற டாலரும் காரணம். கொரோனாவில் பயணிகள் நின்றுபோன 2020 ஜூனில், காட்டுப்பன்றிக்குப் போன வேட்டைக்காரன் ரஃபிக்கி என்ற கொரில்லாத் தலைவனை ஈட்டியால் குத்திக் கொன்றான். வருமானம் நின்றால் காட்டுக்குள் யார் போவார்கள் என்பது அப்போது தெரிந்தது. இதையெல்லாம் ஒத்துக்கொண்டுதான் பேசுகிறேன்.

நாங்கள் காட்டிலிருந்து இறங்கிய அன்று மாலை, ஏற்பாட்டாளர் எங்களை ஒரு பட்வாக் குடியிருப்புக்குக் கூட்டிப்போனார். மரப்பட்டையும் தோலும் உடுத்து நின்றார்கள். நாங்கள் போனதும் அவற்றைக் களைந்துவிட்டுப் பழைய சட்டையும் பாவாடையும் போட்டுக்கொள்வார்கள் என்பது குடிசை வாசலில் காய்ந்த துணியைப் பார்த்தாலே தெரிந்தது. குச்சியைக் கடைந்து நெருப்பு எடுத்தார்கள். இல்லாத மானை இல்லாத காட்டில் வேட்டையாடி நடித்தார்கள். ஒரு பாட்டி பாடினார். கண்ணை மூடிக்கொண்டு, ஒரு கையை மார்பில் வைத்துக்கொண்டு. முதல் முறை என் கேமராவில் சரியாகப் பதிவாகவில்லை. இன்னொரு முறை பாடச் சொல்லுங்கள் என்றேன். நான்தான் சொன்னேன். அவர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார், பிறகு மூடிக்கொண்டு மறுபடி முதலிலிருந்து பாடினார்.

எத்தனை பேர் வரலாம், எவ்வளவு நேரம் இருக்கலாம், எவ்வளவு தள்ளி நிற்க வேண்டும், படம் எடுக்கலாமா என்று அங்கே யாரும் எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. பிள்ளைகளின் முகத்துக்கு அரை அடி முன்னால் லென்ஸை நீட்டிக்கொண்டிருந்தோம். ஃப்ளாஷ் பளிச் பளிச்சென்று அடித்தது.

நான் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த படம் அங்கே எடுத்ததுதான். பாட்டி பாடுகிறார். அவருக்குப் பின்னால் காலையில் திருப்பி அனுப்பப்பட்ட அந்த அம்மாள். காலையில் கிடைக்காததற்கு ஆறுதலாக ஏற்பாட்டாளர் அவரையும் இங்கே அழைத்து வந்திருந்தார். மடியில் மூன்று வயசுக் குழந்தை ஒன்றை வைத்திருக்கிறார். கைக்குட்டை வாயில் இருக்கிறது. இருமிக்கொண்டிருக்கிறார். அன்றைக்கு அது எனக்கு உறைக்கவே இல்லை. எங்கள் யாருக்கும் உறைக்கவில்லை. அந்த அம்மாள்மேல் எனக்குக் கோபம் இல்லை, நல்ல மனசோடுதான் குழந்தையைத் தூக்கினார். அவருக்கு ஒருவர் சொல்லியிருக்க வேண்டும், காலையில் சொன்ன மாதிரி.

போகாதீர்கள் என்று சொல்லமாட்டேன். நீங்கள் ஏரியில் படகில் போனால் அந்தக் குடியிருப்புக்கு அன்றைய வரும்படி இல்லை. ஆனால் கிளம்பும் முன் நிறுவனத்திடம் கேளுங்கள்: நாங்கள் கட்டுவதில் பட்வாக்கள் கையில் எவ்வளவு போய்ச் சேருகிறது, எதைக் காட்டுவது என்று முடிவு செய்வது யார். கூச்சப்படாமல் கேளுங்கள், 800 டாலருக்குக் கணக்குக் கேட்டவர்தானே நீங்கள். மழுப்பினால் வேறு ஆளைப் பாருங்கள். உகாண்டாவிலேயே ம்காஹிங்கா பூங்காவில் பட்வாக்களே முன்னால் நடந்து காட்டுக்குள் கூட்டிப்போகிற பாதை ஒன்று உண்டு. கராமா குகை வரை போகும், அவர்கள் புனிதமாக நினைக்கும் இடம் அது. நடிப்புக்கென்றாலும் அவர்கள் கால் அவர்கள் காட்டில் படுகிறது. எங்கே போனாலும் முகக்கவசத்தைக் காட்டோடு கழற்றிப் போட்டுவிடாதீர்கள். உங்கள் மகனுக்கு அன்றைக்கு லேசாக மூக்கொழுகினால்கூட அறையிலேயே இருக்கட்டும், நீங்களும் அவனோடு இருங்கள். பாடச் சொல்லிக் கேட்காதீர்கள். பாடினால் கேளுங்கள்.

முபாரே கூட்டத்தில் அன்று பார்த்த கொரில்லாக்களின் பெயர்களை வரிசையாக என் குறிப்பேட்டில் எழுதி வைத்திருக்கிறேன். பாட்டியின் பெயரைக் கேட்கவில்லை. படத்தை உங்களுக்குத் தனியாக அனுப்புகிறேன். ஒரு பிரதி எடுத்துக்கொண்டு போங்கள். புஹோமாவிலிருந்து வெளியே வருகிற சாலையில் இடது பக்கம் மேட்டில் அந்தக் குடியிருப்பு இருந்தது. பாட்டி இருந்தால் பார்த்துப் படத்தைக் கொடுங்கள், பெயர் என்ன என்று கேட்டு எனக்கு எழுதுங்கள். அவர் இல்லையென்றால் பிள்ளைகளிடம் கேளுங்கள்.

அன்புடன்,
அக்கா